ரிலாக்ஸர் போட்ட மெல்லிசு முடி: நீளமும் வேணும், அடர்த்தியும் தெரியோணும்

9 ஜூன் 2024, கேள்வி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க ஊரு. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை, ஆனா இழை ரொம்ப மெல்லிசு. சார்ஜாவுல இருக்கற சித்தி கொண்டாந்து குடுத்த ரிலாக்ஸர் (சுருட்டைய நேராக்கற கிரீம்) டப்பாவ ரெண்டு வருசமா வீட்டுலயே போட்டுட்டு வர்றேன். முடி நேராச்சு. ஆனா தோளத் தாண்டி நாலு விரக்கடைக்கு மேல இறங்கவே மாட்டேங்குது, சடை போட்டா எலிவால். தை மாசம் தங்கச்சி கல்யாணம். அதுக்குள்ள இடுப்பு வரைக்கும் வேணும், பாக்க அடர்த்தியாவும் தெரியோணும். டவுன் பார்லர்ல ரீபாண்டிங் பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்கறாங்க. பண்ணலாமா அக்கா?

9 ஜூன், ராத்திரி

பண்ணாதே. மீதியப் பொறகு படி, மொதல்ல அந்தப் பார்லருக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிரு.

ரிலாக்ஸர், ரீபாண்டிங் ரெண்டும் முடிய நேராக்கும், ஆனா ரெண்டும் செய்யற வேலை வேற. நம்ம பக்கம் பார்லர்ல போடற ரீபாண்டிங் கிரீம்ல இருக்கறது அம்மோனியம் தயோகிளைகோலேட். முடிப் புரதத்துல கந்தகத்தோட கந்தகம் சேந்து ஒரு கட்டு இருக்குது. கிரீம் அத அவுக்கும், அயர்ன் வெச்சு இழுத்து நேராக்குவாங்க, அப்பறம் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு அந்தக் கட்டத் திரும்பக் கட்டுவாங்க. டப்பா ரிலாக்ஸர் பெரும்பாலும் ஹைட்ராக்சைடு. பி.ஹெச் 12, 13னு நிக்கற காரம். அது கட்டுல இருக்கற ஒரு கந்தகத்தையே கழட்டி எறிஞ்சிரும். மிச்சம் நிக்கறது லாந்தியோனைன்னு வேற ஒரு கட்டு, பெராக்சைடு போட்டாலும் பழையபடி ஆகாது. ஹைட்ராக்சைடு பட்ட முடி மேல தயோ கிரீம் வெச்சா, ஈரத்துல ஜவ்வா இழுபட்டு அறுந்து கையோட வரும். ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்தா.

எங்க நங்கையா பொள்ளாச்சியில பார்லர் வெச்சிருக்காங்க. வெளிநாட்டு டப்பா போட்டிருக்கேன்னு யாராவது சொன்னா நாற்காலியில உக்காரவே விடமாட்டாங்க. சொல்லாம மறைக்கறவங்கதான் பிரச்சனை. அதனால யாரு வந்தாலும் பொடனி, அதாவது பின்கழுத்துப் பக்கத்துல நாலு இழை வெட்டி மருந்துல போட்டுப் பாத்துட்டுத்தான் தலையில கை வெக்கறாங்க.

உன் டப்பா பின்னால என்ன எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லு. ஹைட்ராக்சைடா, தயோவா?

10 ஜூன்

கணக்குப் போட்டுரலாம். தலைமுடி மாசத்துக்கு ஏறக்கொறைய ஒரு சென்டிமீட்டர், சில பேருக்கு இன்னும் கொஞ்சம் கூட. தைக்கு ஏழு மாசம் இருக்குது. ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல எந்த எண்ணெயும் எந்த மாத்திரையும் குடுக்காது. தோள்ல இருந்து இடுப்புக்குப் போகோணும்னா மூணு வருசம் ஆகும், அதுவும் நுனி ஒடையாம இருந்தா.

"வளரவே மாட்டேங்குது"ன்னு எழுதியிருக்கே. வளருது கண்ணு. வளராமயா வேர்ல சுருட்டை வந்து வந்து டச்சப் (வேருக்கு மறுபடி மருந்து) போட்டுட்டே இருக்கே? ரெண்டு வருசத்துல இருபத்தஞ்சு சென்டிமீட்டர் மேல இருந்து வந்திருக்கும். வந்த அளவு கீழ ஒடைஞ்சு போயிருக்குது, அவ்வளவுதான். நீ கேக்கற நீளமும் அடர்த்தியும் ரெண்டு காரியம் இல்ல, ஒண்ணுதான். நுனி ஒடையாம நின்னா நீளமும் வரும், சடையும் கீழ வரைக்கும் ஒரே தடிமனா நிக்கும்.

அதனால மொதல் வேலை கத்தரி. முடிய முன்னால போட்டு வெள்ளைத் துண்டு மேல பரத்திப் பாரு. எந்த இடத்துல துண்டு தெரிய ஆரம்பிக்குதோ அங்க நேரா ஒரே வெட்டு. லேயர் வேண்டாம், ஃபெதர் வேண்டாம், "கொஞ்சம் ஸ்டைலா" எதுவும் வேண்டாம். மெல்லிசு முடியில லேயர் வெட்டுனா இருக்கற கொஞ்சமும் மேல போயிரும், கீழ நாலு இழை தொங்கும். நேர்வெட்டு வெட்டுன அன்னிக்கே ரெண்டு மடங்கு முடி இருக்கற மாதிரி தெரியும்.

எனக்கும் மெல்லிசுதான், வருசக்கணக்கா ரீபாண்டிங் பண்ணுன தலை. இடுப்பு வரைக்கும் வெச்சிருந்தேன்னு பேரு, கடைசி ஒரு சாண் வெறும் பேருக்குத்தான். வெட்ட மனசே வரல. நங்கையாதான் பேச்சுக் குடுத்துட்டே வெட்டிட்டாங்க. அடுத்த வாரம் பஸ்ஸுல பாத்த பழைய சிநேகிதி "முடி நல்லா அடர்த்தியாயிருச்சே, என்ன எண்ணெய்?"ங்கறா.

10 ஜூன், பொழுதோட

நீளம் கேட்டவளுக்கு வெட்டச் சொல்றேன்னு மூணு பேரு சண்டைக்கு வந்தாச்சு. வாங்க, கத்தரி என்கிட்டத்தான் இருக்குது.

16 ஜூன்

டப்பா படம் வந்துச்சு. கால்சியம் ஹைட்ராக்சைடு கிரீம் ஒரு டப்பா, குவானிடின் கார்பனேட் திரவம் ஒரு பாட்டில், கலக்கிப் போடறது. "மென்மையானது"ன்னு அட்டையில பூப் படம் வேற. தலைத்தோலுக்குச் சோடியம் ஹைட்ராக்சைட விட எரிச்சல் கொறவுதான், ஒத்துக்கறேன். முடிக்கு அப்படியில்ல. கலக்குனதும் அதுவும் பலமான காரம்தான், போதாததுக்குக் கால்சியம் முடி மேல படிஞ்சு நிக்கும். வறவறன்னு, மங்கலா, சீப்பு மாட்டற மாதிரி ஆகறது பாதி அதனாலதான்.

இன்னொரு பாதி நம்ம தண்ணி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை எங்க போர் போட்டாலும் உப்புத் தண்ணி, பக்கெட்டுல வெள்ளையாப் படியுது பாரு, அதேதான் தலையிலயும். ரிலாக்ஸர் கால்சியம், அது மேல போர்வெல் கால்சியம். சிறுவாணி அணை இருக்கறது நம்ம பாலக்காடு மாவட்டத்துல, அந்தத் தண்ணியில தலைக்கு ஊத்திட்டு முடி பட்டா இருக்குதுன்னு பெருமை பேசறது கோயமுத்தூர்க்காரங்க. என்னத்தச் சொல்ல.

செய்யக்கூடியது ரெண்டு. மாசத்துக்கு ஒருக்கா ஈ.டி.டி.ஏ (படிஞ்ச கால்சியத்தப் பிடிச்சு எடுக்கறது) இருக்கற ஷாம்பூ, உப்புத் தண்ணிக்குன்னே விக்கறாங்க. பாட்டில்ல "டைசோடியம் ஈ.டி.டி.ஏ" பேரு மேல் வரிகள்ல இருக்கோணும். போட்டதும் கண்டிஷனர் கட்டாயம், அது இல்லாம வறண்டு போகும். இன்னொண்ணு இப்ப மழை. மொதல் மழைய ஓட்டக் கழுவ விட்டுட்டு, அப்பறம் வர்றதப் பிடிச்சு வெச்சு, கடைசி ரெண்டு சொம்பு அதுல அலசு. காசு இல்லாத மென்தண்ணி.

17 ஜூன்

அரப்பு (உசிலை இலைப் பொடி) போடலாமான்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நான் அரப்புல வளந்த தலை. எங்க அமுச்சி (பாட்டி) வடிச்ச கஞ்சியில அரப்பக் கொழச்சு வெச்சுத் தேய்க்கறப்போ கண்ணுல போயி நான் ஊரக் கூட்டுவேன். சுருட்டையா தடிமனா இருக்கற முடிக்கு இன்னைக்கும் அதுக்கு ஈடு கிடையாது. ரிலாக்ஸர் போட்ட மெல்லிசு முடிக்கு அப்படியே போடாதீங்க. அரப்புத் தூள் இழைக்கு நடுவுல நிக்கும், அத எடுக்கறேன்னு ஈரத்தலைய வாரறப்போ ஒடையும். போட்டே ஆகோணும்னா ராத்திரியே ஊற வெச்சு, துணியில வடிகட்டி, அந்தச் சாறு மட்டும்.

மலையாளத்து வீடுகள்ல செம்பருத்தி இலைய நசுக்கி வழவழன்னு தாளி எடுப்பாங்க. அது பரவால்ல. அந்த வழவழப்புல சிக்கு தானா எறங்கும். முடி வளக்கும்னு நெனச்சுப் போடாதீங்க, சிக்கெடுக்கப் போடுங்க.

23 ஜூன்

இப்பக் கஷ்டமான சங்கதி: வேர்ல வந்திருக்கற சுருட்டைய என்ன பண்றது.

மூணு விரக்கடை வந்திருக்குதுன்னே. சுருட்டையும் நேர் முடியும் சேர்ற அந்த இடம் இருக்குது பாரு, தலையிலயே பலவீனமான இடம் அதுதான். சீப்பு அங்கதான் மாட்டும், அங்கதான் ஒடையும். இதுக்குப் பயந்துட்டு ஆறு வாரத்துக்கொருக்கா டச்சப் போடறாங்க. போடறப்போ கிரீம் பழைய முடி மேல வழியுது, இல்லீன்னா "சேத்து ஒருக்கா இழுத்துரலாம்"னு நுனி வரைக்கும் தடவுவாங்க. ஒரே முடி மூணு தடவை நாலு தடவை காரத்துல வெந்தா அப்பறம் என்ன மிஞ்சும்?

என் ரோசனை, பத்துப் பன்னண்டு வாரமாவது தள்ளிப் போடு. முடிஞ்சா அதுக்கும் மேல. போடறப்போ வேர்ல வந்த புது முடிக்கு மட்டும், பழைய முடி முழுக்க வாசலின் தடவி மூடிட்டு. அதுக்கு முன்னால ரெண்டு மூணு நாளைக்குத் தலைக்கு ஊத்தாதே, சொறியாதே. தோல் கீறியிருந்தா அங்க வெந்துரும். டப்பாவுல போட்டிருக்கற நேரத்துக்கு மேல ஒரு நிமிசம் வேண்டாம், "இன்னும் கொஞ்சம் நேராகட்டும்"ங்கற ஆசையிலதான் நாசமாகறது. அலசறதுக்கு அதுகூட வர்ற நியூட்ரலைசிங் ஷாம்பூ சிலதுல காரம் மிச்சமிருந்தா நொரை ரோஸ் கலராகும். வெள்ளையாகற வரைக்கும் அலசு. பொடனிய நம்மளால பாக்க முடியாது, அதனால தனியாப் போடாதே. அங்கதான் காது பின்னாடி மருந்து நின்னுரும்.

நடுவுல இருக்கற வாரங்கள்ல நாலு பாகமாப் பிரிச்சு லூசாப் பின்னிட்டுத் தலைக்கு ஊத்து. சிக்கு விழாது. கண்டிஷனர் தலையில இருக்கறப்பவே அகலப் பல் சீப்புல நுனியில இருந்து மேல ஏறு. ஈரத்தலைய மூட்டை கட்டி உருட்டித் துவட்டறத விட்டுரு, பழைய பருத்தி பனியன்ல ஒத்தி எடு.

பத்துப் பன்னண்டு வாரம்னு நான் சொல்றது பாலக்காட்டுக் காத்து இல்லாத ஊருக்கு. ஆடியில நம்ம பக்கம் ஸ்கூட்டி ஓட்டிப் பாரு. கணவாய்க் காத்து, தலைமுடிய ஒரு மணி நேரம் யாரோ பிடிச்சு ஒலுக்குன மாதிரி ஆகும். பின்னி உள்ள மடிச்சு, துப்பட்டாவக் கட்டிட்டு ஓட்டு. எனக்கு இது ஒண்ணு செஞ்சதுலயே நுனி ஒடையறது நல்லாக் கொறைஞ்சுது.

24 ஜூன்

ராத்திரிக்கு: ஜரிகை இல்லாத பழைய பட்டுச்சீலை உடல்பாகத்தக் கிழிச்சுத் தலகாணி உறை. கிழிக்கறப்போ மாமியா பாக்காம இருக்கோணும்.

2 ஜூலை

தேங்காயெண்ணெய். "மெல்லிசு முடியில எண்ணெய் வெச்சா ஒட்டிப் போயி இன்னும் கம்மியாத் தெரியுது, நீங்க எதுவும் சொல்லலியே"ன்னு கேட்டது சரியான கேள்வி.

எண்ணெய் வெச்சுட்டு வெளிய போறதுக்கு இல்ல. தலைக்கு ஊத்தறதுக்கு முன்னால நுனிப்பாதிக்கு மட்டும். தேங்காயெண்ணெய் முடிக்குள்ளயே எறங்கும், அதுல இருக்கற லாரிக் அமிலத்தோட அமைப்பு அப்படி. 2003ல மும்பையில செஞ்ச சோதனையில, தலை கழுவறப்போ முடியில இருந்து போற புரதத்த அது கொறைக்குதுன்னு பாத்தாங்க. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அந்த வேலையச் செய்யல. ரிலாக்ஸர் போட்ட முடி தண்ணிய உறிஞ்சி ஊதி, காஞ்சு சுருங்கி, அதுலயே வெடிக்கும். முன்னாடி எண்ணெய் இருந்தா அவ்வளவு ஊதாது. நம்ம ஊர்ல செக்குக்கும் தோப்புக்கும் பஞ்சமில்ல, ஒரு மணி நேரம் வெச்சுட்டு ஷாம்பூ போட்டு நல்லா எடுத்துரு.

வேப்பிலை, துளசி, மிளகு, சின்ன வெங்காயம் போட்டுக் காய்ச்சற எண்ணெய், வாசம் நல்லாருக்கும். தூக்கம் வரும். முடிய நீளமாக்காது. (எங்க பெரிம்மா படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதறேன்.)

9 ஜூலை

ஒருத்தி தனியா எழுதியிருக்கா: டப்பாவும் வேண்டாம், ரீபாண்டிங்கும் வேண்டாம், பார்லர்ல முடிய நேராக்கறதுக்குப் போடற கெரட்டின் போடலாமா, அது சத்துத்தானே.

பேரு கெரட்டின், வேலை செய்யறது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. போடறப்போ கண்ணு எரிஞ்சு மூக்கு அடைச்சா அதுதான். ஃபார்மால்டிஹைடு இல்லாததுன்னு விக்கறதுல பலதுல கிளையாக்சிலிக் அமிலம். இந்த 2024 மார்ச்சுல பிரான்ஸ் டாக்டருங்க ஒரு 26 வயசுப் பொண்ணப் பத்தி எழுதியிருந்தாங்க. 2020, 2021, 2022ன்னு மூணு தடவை பார்லர்ல நேராக்கியிருக்கு, மூணு தடவையும் சிறுநீரகம் அடி வாங்கியிருக்கு. கிரீம்ல இருந்தது கிளையாக்சிலிக் அமிலம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனா "சத்து"ன்னு நெனச்சுப் போடாதீங்க.

ரிலாக்ஸரும் யோக்கியமில்ல, அதையும் எழுதிர்றேன். 2022ல அமெரிக்காவுல வந்த ஆராய்ச்சி, 33,000க்கும் மேல பொம்பளைங்கள ஏறக்கொறைய 11 வருசம் பின்தொடர்ந்தது. நேராக்கற மருந்து எதுவுமே போடாதவங்கள்ல 70 வயசுக்குள்ள கர்ப்பப்பைப் புற்று வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம், வருசத்துக்கு நாலு தடவைக்கு மேல போட்டவங்களுக்கு 4.05. எந்தப் பொருள் எந்தக் கம்பெனின்னு அவங்க கேக்கல, அதனாலதான் வருதுன்னு முடிவு கட்டவும் இல்ல. நான் பயமுறுத்தல. டச்சப்பத் தள்ளிப் போடறதுக்கு முடி ஒடையறது ஒண்ணு மட்டும் காரணமில்லன்னு தெரிஞ்சுக்க.

21 ஜூலை

கேட்டவ வெட்டிட்டு வந்துட்டா! தோளுக்குச் சரியா, நேர்வெட்டு. "ரெண்டு நாள் அழுதேன், மூணாம் நாள் கண்ணாடிய விட்டு வரல"ங்கறா.

இப்பப் பாக்க அடர்த்தியாத் தெரியறதுக்கு. வகிட நேர்கோடா எடுக்காம வளைச்சு எடு, வருசக்கணக்கா ஒரே இடத்துல எடுத்த வகிடு அகலமாத் தெரியும். முக்கால் காஞ்சதும் பெரிய வெல்க்ரோ ரோலர் உச்சியில நாலு, அரை மணி. ரோலர எடுக்கறப்போ உருட்டி எடு, பிடிச்சு இழுத்தா அதுவே பிய்க்கும். சடை போட்டு முடிச்சதும் ஒவ்வொரு பிரியையும் ஓரத்துல மெல்ல இழுத்து விடு, சடை அகலமாயிரும். வகிட்டுல தோல் தெரிஞ்சா முடிக்கலர் ஐஷேடோ பிரஷ்ல ஒத்து, கல்யாண மேக்கப்காரங்க எல்லாரும் பண்றதுதான்.

புரதக் கண்டிஷனர் கேட்டே. ஹைட்ரலைஸ்டு கெரட்டின் (சின்னச் சின்னதா ஒடைச்ச முடிப் புரதம், அந்தப் பார்லர் கெரட்டின் இல்ல) இருக்கறது ரிலாக்ஸர் முடிக்கு ஒத்துக்கும், கொஞ்சம் தடிமனாவும் தெரியும். வாராவாரம் போட்டா வெறைச்சுப் போயி ஒடையும். மாசத்துக்கு ஒருக்கா ரெண்டுக்கா. கை சொல்லும்: ஈரத்துல ரப்பரா இழுபட்டா புரதம் வேணும், காஞ்சு குச்சியா நின்னா வேண்டாம்.

4 ஆகஸ்ட்

சவுரி பத்தி யாருமே கேக்கலியேன்னு இருந்தேன்.

எங்க அமுச்சி சீப்புல வர்ற முடியச் சுருட்டிக் கூரைச் சந்துல சொருகி வெக்கும். சவுரிக்காரி வந்தா பாதிய ஊசி, பாசிமணிக்கு மாத்தும், பாதியக் குடுத்துச் சவுரி கட்டி வாங்கும். அவங்கவங்க முடியிலயே கட்டுன சவுரி நெறம் மாறாம சேரும். என்ன ஒண்ணு, சீப்பு முடியில வேரும் நுனியும் கலந்து கெடக்கும். இழை மேல இருக்கற செதில் எல்லாம் ஒரே பக்கம் பாக்காததால சிக்கு விழுந்துட்டே இருக்கும். பழனியிலயும் திருமலையிலயும் மொட்டை போட்டு ஏலத்துக்குப் போற முடியில நீளமானது வெல கூடுதலாப் போறதுக்குக் காரணம், கொத்தா வெட்டறதால வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் ஒழுங்கா இருக்கும்.

தைக்கு இடுப்பு நீளம் வேணும்னா வழி இதுதான் அம்மிணி. நைலான் வாங்காதே, பளபளன்னு காட்டிக் குடுத்துரும். முடிச் சவுரி, உன் சடை எவ்வளவு தடிமனோ அதே தடிமன்ல. கனமானது வேண்டாம், மெல்லிசு வேர் தாங்காது.

18 ஆகஸ்ட்

ஒடையறதும் கொட்டறதும் வேற. விழுந்த முடிய எடுத்துப் பாரு. ஒரு முனையில வெள்ளையாச் சின்னக் குமிழ் இருந்தா வேரோட வந்தது, தெனம் 50ல இருந்து 100 வரைக்கும் எல்லாருக்கும் போறதுதான். துண்டு துண்டா, குமிழ் இல்லாம வந்தா ஒடைஞ்சது. இத்தனை நாள் இங்க பேசுனது எல்லாம் ஒடையறதுக்கு.

கொத்துக் கொத்தாக் குமிழோட வந்தா ரெண்டு மூணு மாசம் பின்னால போயி ரோசிச்சுப் பாருங்க: டெங்கு, பிரசவம், பட்டினி டயட்? அது தானாத் திரும்பும். இல்லீன்னா ரத்தத்துல ஃபெரிட்டினும் (இரும்புச்சத்து இருப்பு) தைராய்டும் பாக்கோணும். முடிக்குன்னு விக்கற பயோட்டின் வைட்டமின் மாத்திரை தின்னுட்டு டெஸ்ட்டுக்குப் போனா டாக்டர்கிட்டச் சொல்லிருங்க, தைராய்டு கணக்கையே அது மாத்திக் காட்டும், மாரடைப்புக்குப் பாக்கற ட்ரோபோனினையும். வகிடு வருசா வருசம் அகலமானா அதுக்கு மினாக்சிடில்னு மருந்து இருக்குது, தோல் டாக்டர்கிட்டப் போங்க. கர்ப்பம்னா வேண்டவே வேண்டாம்.

6 அக்டோபர்

ஜூன்ல எழுதுனதுக்கு ஒரு திருத்தம். "லேயர் வேண்டவே வேண்டாம்"னது கழுத்துக்குக் கீழ இருக்கறதுக்கு. வேர்ல சுருட்டை நாலு மாசம் வளந்து நிக்கறவளுக்கு நெத்தி ஓரம் நேர் முடி ஒட்டிக் கெடக்கும், உச்சி மட்டும் உப்பும். முகத்த ஒட்டி தாடை அளவுக்கு ரெண்டு கொத்து வெட்டுனா அது மறையுது. நங்கையா செஞ்சு காட்டுனாங்க. அதுக்கு மேல ஒரு கொத்துக்கூட வெட்ட விடாதே.

17 நவம்பர்

கல்யாணத்துக்கு முன்னால டச்சப் போடறதா, இப்படியே சுருட்டைய விடறதான்னு கேட்டிருக்கே. ரெண்டுக்கும் நான் சம்மதம். போடறதுன்னா அதே வகை மருந்து, வேருக்கு மட்டும், கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னால. முந்தின நாள் போட்டுத் தோல் எரிஞ்சுதுன்னா பூ வெக்க முடியாது. விடறதுன்னா அன்னிக்கு மட்டும் வேர ஈரத்துல பின்னி வெச்சுக் காய விட்டு எடு, அலையா வரும், நேர் முடியோட சேந்துக்கும், உச்சியும் நிமிந்து நிக்கும்.

எதுன்னாலும் பூஜடைய உச்சியில குத்தச் சொல்லாதே. சவுரி, குஞ்சலம், அஞ்சு முழம் மல்லி, எல்லாம் சேந்து நாள் முழுக்க ஒரே எடத்துல இழுத்தா வேரோட வரும். பொடனியில உன் சொந்த முடியில ரெண்டு சின்னச் சடை பின்னிக் கொண்டையாச் சுத்தி, அதுல சவுரியக் கட்டச் சொல்லு. தாலி கட்டி முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு முன்னாலயே கழட்டிரு. போட்டோக்காரன் கேட்டா தலைவலின்னு சொல்லிக்கலாம்.